ஐந்து நாள் நின்றுபோன மாத்திரை

2020 ஏப்ரல் மாதத்தில் ஐந்து நாள்கள் நான் ஒரு மாத்திரையைச் சாப்பிடாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிய நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான் மாரடைப்பு ஏற்பட்டு எனக்கு ஸ்டென்ட் பொருத்தியிருந்தார்கள். நிறுத்திய அந்த மாத்திரையின் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. 33 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்தவன், சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியவன், என் உயிரைக் காத்த மருந்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் இருந்தேன் என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது. அது, இதயத் துடிப்பின் வேகத்தை அடக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து. அதைச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லும்படி இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கேனும் இது பயன்பட வேண்டும் என்று, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் வீடு குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தாலும், எங்கள் மக்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கால் இன்னும் திருவனந்தபுரத்தை நோக்கித்தான் போகிறது. நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் எங்களுக்கு ஏறக்குறைய ஒரே தொலைவு. என் மகளை நெய்யாற்றின்கரையில் கட்டிக்கொடுத்திருப்பதால், எங்கள் வீட்டு வைத்தியம் முழுவதும் கேரள எல்லைக்கு அப்புறமே நடந்துவந்தது. ஓய்வுபெற்ற பிறகு, அப்பா வைத்துவிட்டுப் போன நூற்றைம்பது மூடு ரப்பர் மரங்களை நானே பால்வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2019 நவம்பரில் ஒரு காலை, உறைந்த பாலை ரோலரில் கொடுத்து ஷீட் அடித்துக்கொண்டிருந்தபோது, நெஞ்சின் நடுவில் யாரோ கல்லை ஏற்றி வைத்ததுபோல் அழுத்தம் தொடங்கியது. அது தாடை வரை ஏறியது. சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்தது. வாயு என்று நினைத்து இஞ்சியும் பூண்டும் தட்டிப்போட்ட வெந்நீரைக் குடித்துவிட்டுத் திண்ணையில் படுத்துக் கிடந்தேன். ஒன்றரை மணி நேரம் அப்படியே வீணானது. மருமகன் வந்து காரில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய இரத்தக் குழாய் அடைத்திருந்தது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து அடைப்பைத் திறந்து, குழாய் மறுபடி மூடாமலிருக்க ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காம் நாள் எடுத்த எக்கோ என்னும் இதய ஸ்கேனில் ‘பம்பிங்’ 35 சதவீதம் என்று வந்தது. நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன் இடக் கீழறையில் நிறையும் இரத்தத்தில் பாதிக்கும் சற்று மேலாக வெளியே தள்ளும். என்னுடையதால் மூன்றில் ஒரு பங்கைத்தான் தள்ள முடிந்தது. திண்ணையில் படுத்துக் கிடந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில் செத்துப்போன தசைக்கு மாற்று இல்லை என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆறு வகை மாத்திரை கொடுத்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு, கொழுப்புக்கு ஒன்று, இதயத்தின் சுமையைக் குறைக்க ஒன்று, நீர் பிரிய ஒன்று. ஆறாவது, வெள்ளை நிறத்தில் சிறியதாக, நடுவில் கோடு போட்ட ஒன்று. அதை நாங்கள் வீட்டில் ‘துடிப்பு மாத்திரை’ என்று சொல்லிக்கொண்டோம். நர்ஸ் அப்படித்தான் விளக்கினார், நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. 25 மில்லிகிராமில் தொடங்கி, 2020 பிப்ரவரியில் 50 ஆக்கினார்கள்.

அந்த முதல் இரண்டு மாதங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இந்த மருந்தைக் கைவிடுவது அந்தக் காலத்தில்தான். அடைப்பை நீக்கிவிட்டார்களே, இனி பழையபடி நடமாடலாம் என்று நம்பி வந்தவனுக்கு, கிணற்றடியிலிருந்து அடுக்களைக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர முடியாத அளவுக்கு அசதி இருந்தது. விரல் நுனிகள் மார்கழிக் காலையில் ஆற்றில் இறங்கியதுபோல் குளிர்ந்து கிடந்தன. இரவில் தெளிவான, நீண்ட கனவுகள் வந்து தூக்கத்தைக் கலைத்தன. மாரடைப்பு வந்த உடம்பின் இயல்பு இதுதான் என்று நான் நினைத்தேன். பிறகுதான் இவற்றில் ஒரு பகுதி அந்த மாத்திரையின் தொடக்ககால விளைவு என்றும், மூளைக்குள் எளிதாகச் செல்லும் தன்மையுள்ள இந்த வகை மருந்துகள் கனவைத் தூண்டுவது உண்டு என்றும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இவை தணியும் என்றும் தெரிந்தது. ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்றும் உண்டு. தாம்பத்தியத்தில் ஏற்படும் தளர்ச்சிக்கு இந்த மாத்திரையைக் காரணமாகக் கருதி, வீட்டாருக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றவோ அளவைத் திருத்தவோ வழி இருக்கிறது. வெட்கத்தால் அந்தத் தளர்ச்சிக்குக் கடையில் தாமாக மாத்திரை வாங்கிப் போடுவது, நெஞ்சுவலிக்கான நைட்ரேட் வகை மருந்து சாப்பிடும் இதய நோயாளிக்கு இரத்த அழுத்தத்தை உயிருக்கு ஆபத்தாகும்படி இறக்கிவிடும்.

இனி அந்த ஐந்து நாள்கள். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. களியக்காவிளையில் எல்லையை அடைத்தார்கள். என் கோப்பு, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் மகள் வீட்டு அலமாரியில் இருந்தன. மாதந்தோறும் அவளே வாங்கி வைப்பாள், நான் போய் எடுத்து வருவேன். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மற்ற மாத்திரைகள் மிச்சமிருக்க, அளவு கூட்டியதால் துடிப்பு மாத்திரை மட்டும் முந்தித் தீர்ந்தது. காலி அட்டையை வழக்கம்போல் அடுப்பில் போட்டாயிற்று. மகளிடம் தொலைபேசியில் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பெயர் கிடைத்திருக்கும். அவளைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று கேட்கவில்லை. கடையில் போய், இதயத்துக்கான சிறிய வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு இருக்கும் என்று சொன்னேன். அந்தத் தம்பி நியாயமாகவே தர மறுத்தார்.

இரண்டாம் நாள் எனக்கு உடம்பு நன்றாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அசதி விலகியது, விரல்களில் சூடு வந்தது, ரப்பர் விளையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். இந்த மாத்திரைதான் என்னை இத்தனை நாள் படுக்கப் போட்டது, இது இல்லாமலே இருந்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். இந்த மருந்தைத் தாமாக நிறுத்தும் பலரை ஏமாற்றுவது அந்த இரண்டாம் நாளின் சுகம்தான். நான்காம் நாள் மாலை, உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தது. ஐந்தாம் நாள் அதிகாலையில் பழைய அழுத்தம் நெஞ்சில் திரும்பி வந்து என்னை எழுப்பியது.

அருகில் உள்ள சிறிய மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். புதிய மாரடைப்பு இல்லை என்று தெரியும்வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அங்கிருந்த இளம் மருத்துவர் என் கதையைக் கேட்டுவிட்டு, “நிறமும் வடிவமும் வேண்டாம் சாரே, மருந்தின் பெயர் என்ன?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவரே என் மகளை அழைத்துக் கேட்டார். மெட்டோபுரோலால் சக்சினேட். அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாக உச்சரித்தேன்.

திடீரென்று நிறுத்தினால் ஏன் இப்படி ஆகிறது என்பதை அவர் படம் வரைந்து விளக்கினார். நாம் அஞ்சும்போதும் ஓடும்போதும் உடம்பு சுரக்கும் அட்ரினலினும் அதன் இனத்தைச் சேர்ந்த நார் அட்ரினலினும், இதயத் தசையின் மேற்பரப்பில் உள்ள பீட்டா ஏற்பிகள் என்னும் இடங்களில் வந்து ஒட்டி, வேகமாகத் துடி, வலுவாகத் துடி என்று ஏவுகின்றன. பீட்டா பிளாக்கர் அந்த இடங்களில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. மாதக்கணக்கில் இப்படி மறித்து வைத்தால், ஏவல் வந்து சேரவில்லையே என்று இதயத்தின் அணுக்கள் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கின்றன. மருந்தைச் சட்டென்று நிறுத்தும்போது, கூடுதலாக முளைத்த அத்தனை இடங்களிலும் அட்ரினலின் ஒரே நேரத்தில் வந்து ஒட்டுகிறது. நோய்க்கு முன்பு இருந்ததைவிடவும் இதயம் வேகமாக அடிக்கிறது. குறுகிய குழாய் உள்ளவருக்கு நெஞ்சுவலி திரும்புகிறது, சிலருக்கு மாரடைப்பே வருகிறது. நிறுத்தவேண்டிய தேவை உண்மையிலேயே வந்தாலும் மருத்துவர் ஒன்றிரண்டு வாரங்களாவது எடுத்துக்கொண்டு படிப்படியாக இறக்குவது இதனால்தான். அன்று எனக்கு மறுபடியும் 25-இல் தொடங்கி, பத்து நாளில் 50-க்குக் கொண்டுவந்தார்கள்.

இத்துடன் நான் திருந்தியிருக்க வேண்டும். ஆனால் பெயரைக் காதால் கேட்டேனே தவிர, அட்டையைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் வரவில்லை. அந்த மருத்துவமனையில் தந்த மெட்டோபுரோலால் இளஞ்சிவப்பு நிறத்தில், வேறு கம்பெனிப் பெயரில் இருந்தது. ஜூன் மாதத்தில் மகள், தெரிந்தவர் ஒருவர் வழியாக மூன்று மாத மருந்தை மொத்தமாக அனுப்பினாள். அதில் பழைய வெள்ளை மாத்திரையும் இருந்தது. இரண்டுக்கும் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த பெயர்கள் வெவ்வேறு. இளஞ்சிவப்பு புதிதாகச் சேர்த்த மருந்து என்று எண்ணி இரண்டையும் சாப்பிட்டேன். எட்டாம் நாள் விடியலில் பால்வெட்டுக் கத்தியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தவன், கண் இருட்டி மரத்தைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தேன். அன்று நாடித்துடிப்பு 44, இரத்த அழுத்தம் 90-க்கு 60.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 100 மில்லிகிராம் என்பது நஞ்சு அல்ல. இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்தை 200 வரைகூட ஏற்றுகிறார்கள். என் உடம்பு தாங்காமல் போனது அளவால் அல்ல, ஒரே நாளில் இரட்டிப்பான வேகத்தால். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நாடியும் இரத்த அழுத்தமும் எடையும் பார்த்து, ஒவ்வொரு படியாக ஏற்றவேண்டிய மருந்து இது. கார்வெடிலால் என்ற மருந்தை 3.125 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவிலும், பைசோபுரோலாலை 1.25 மில்லிகிராமிலும் தொடங்குவது அதற்காகவே. ஏப்ரலில் நடந்ததும் ஜூனில் நடந்ததும் எதிரெதிரான ஆபத்துகள்போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே: கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப் பெயரை நான் படிக்கவில்லை.

எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு மருத்துவர் திருவனந்தபுரத்தில், இன்னொருவர் மார்த்தாண்டத்தில், மூன்றாவது சீட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்று எங்கள் வீடுகளில் மூன்று கோப்புகள் இருக்கின்றன. ஒரு பக்கத்துக் கடையில் வழக்கமாக வைத்திருக்கும் கம்பெனி மறுபக்கத்தில் இருப்பதில்லை. இது தவிர, ஒரே குடும்பத்து மருந்துகளை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதும் வழக்கமும் உண்டு. அந்த ஏப்ரலில் பக்கத்து வீட்டு அண்ணன், சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்துக்குத் தந்த அட்டெனோலாலில் பத்து மாத்திரையை அன்போடு எடுத்து நீட்டினார். அதுவும் பீட்டா பிளாக்கர்தான். ஆனால் பம்பிங் குறைந்த இதயத்தில் ஆயுளை நீட்டுவதாக உறுதியாக நிறுவப்பட்டவை அந்தக் குடும்பத்தில் முக்கியமாக மூன்று: பைசோபுரோலால், கார்வெடிலால், நீண்ட நேரம் வேலை செய்யும் மெட்டோபுரோலால் சக்சினேட். மெட்டோபுரோலால் டார்ட்ரேட் என்று முடியும் மாத்திரை சீக்கிரம் கரைந்து சீக்கிரம் அடங்குவது. பெயரின் முதல் பாதி ஒன்றாக இருந்தாலும் அது வேறு. அதனால் இரண்டாவது சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வலுவிழந்த இதயத்தை ஏன் மேலும் அடக்கி வைக்க வேண்டும் என்ற கேள்வி என்னை நெடுநாள் வருத்தியது. இந்த மருந்தினத்தின் வரலாற்றைப் படித்தபோது, மருத்துவ உலகமே அதே கேள்வியில் பல ஆண்டுகள் நின்றிருந்தது என்று அறிந்து ஆறுதல் கொண்டேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக், இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொண்டுசேர்க்க வழிதேடுவதற்கு மாறாக, இதயத்தின் ஆக்சிஜன் தேவையையே குறைத்தால் நெஞ்சுவலி அடங்கும் என்று எண்ணினார். அந்த எண்ணத்திலிருந்து 1960-களில் பிறந்தது புரோப்ரானலால் என்ற பீட்டா பிளாக்கர். 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாரடைப்பு வந்தவர்களின் உயிரையும் இந்த மருந்தினம் காக்கும் என்று, அதே இனத்தைச் சேர்ந்த டிமோலாலை வைத்து நார்வேயில் நடந்த ஆய்வு 1981-இல் காட்டியது. அடுத்த ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில், புரோப்ரானலால் பெற்றவர்களில் 7.2 சதவீதத்தினரும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 9.8 சதவீதத்தினரும் இறந்திருந்தனர்.

ஆனால் பம்பிங் குறைந்து மூச்சுத் திணறுகிறவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் அவருடைய சக மருத்துவர்களும், இதயத் தசை நோயால் மிகவும் நலிந்திருந்த ஏழு நோயாளிகளுக்கு மிகக் கவனமாக இதைக் கொடுத்து, அவர்கள் தேறியதை 1975-இல் எழுதினார்கள். பரவலாக ஏற்கப்பட ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. 1999-இல் பைசோபுரோலாலையும் மெட்டோபுரோலால் சக்சினேட்டையும் பற்றி வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விலக்கப்பட்ட மருந்து முதன்மை மருந்தானது. அந்த ஏழு பேரை நான் நன்றியோடு நினைப்பதுண்டு.

எனக்கு இதன் உட்பொருள் விளங்கியது ரப்பர் மரத்தைக் கொண்டுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டவேண்டிய மரத்தை, விலை ஏறிய காலத்தில் சிலர் நாள்தோறும் வெட்டுவார்கள். முதலில் பால் கூடுதலாகக் கிடைக்கும். பிறகு பட்டமரப்பு வரும். வெட்டினாலும் பால் கசியாது, பட்டை காய்ந்து நிற்கும். இதயம் பலவீனமாகும்போது உடம்பு அட்ரினலினை இடைவிடாமல் ஊற்றி அதை விரட்டுகிறது. சில நாள் அதனால் ஓட்டம் நடக்கிறது. நீண்ட காலத்தில் அந்த விரட்டலே தசை அணுக்களைக் கெடுத்து, இதயத்தை விரியவும் தளரவும் செய்து, ஆபத்தான துடிப்புக் கோளாறுகளுக்கும் இடம் தருகிறது. பீட்டா பிளாக்கர் தருவது ஓய்வு. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் இதயம் நிரம்பவும், தன் தசைக்கே இரத்தம் பாயவும் நேரம் கிடைக்கிறது. ஓய்வு கொடுத்த மரம் மறுவாரமே பால் சுரப்பதில்லை. என் பம்பிங்கும் ஆறு மாதத்தில் 40-க்கும், இரண்டு ஆண்டில் 48-க்கும் மெல்ல ஏறியது. மற்ற மருந்துகளுக்கும் அதில் பங்கு உண்டு.

இன்று நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. சட்டைப் பையில் ஓர் அட்டை இருக்கிறது. அதில் எல்லா மருந்தின் மூலப் பெயரும் அளவும் நேரமும், ஸ்டென்ட் வைத்த மாதமும், கடைசி எக்கோ முடிவும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறேன். எல்லையின் எந்தப் பக்கத்தில் விழுந்தாலும் எடுத்துப் படிக்கிறவருக்குப் புரியும். புதிய அட்டை மாத்திரை வந்தால் மூலப் பெயரைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே டப்பாவில் சேர்க்கிறேன். இரண்டு வாரத்துக்கான கையிருப்பு எப்போதும் இருக்கும். காலை உணவு முடிந்ததும் மாத்திரை. மெட்டோபுரோலால் சக்சினேட்டைக் கோட்டில் பாதியாக உடைக்கலாம், ஆனால் மெல்லவோ பொடிக்கவோ கூடாது, ஏனெனில் நாள் முழுவதும் மெல்லக் கரையும்படி செய்தது அப்போது ஒரே வேளையில் இறங்கிவிடும். ஒருவேளை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துச் சாப்பிடுவதில்லை.

மாத்திரைக்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணி எழுதுகிறேன். 50-க்குக் கீழே போனாலும், எழும்போது கண் இருண்டாலும் அழைக்கச் சொல்லி என் மருத்துவர் கூறியிருக்கிறார். உங்களுக்கு எந்த எண் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாள்தோறும் காலையில் எடையும் பார்க்கிறேன். அளவு கூட்டும் வாரங்களில் உடம்பில் நீர் தேங்கக்கூடும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் மரச்சீனிக் கிழங்கோடு கருவாடும், கஞ்சியோடு மாங்காய் ஊறுகாயும் இல்லாமல் நாள் போகாது. உப்பு மிகுந்த அந்தக் கருவாட்டையும் ஊறுகாயையும் விட்டது மருந்துகளைப் பழகியதைவிடக் கடினமாக இருந்தது, ஆனால் கால் வீக்கம் நின்றது.

பிற மருத்துவர்களிடம் சொல்லவேண்டியதையும் அனுபவத்தில் கற்றேன். கண்ணில் அழுத்தம் கூடியிருப்பதாகச் சொன்ன கண் மருத்துவர், என் அட்டையைப் பார்த்துவிட்டு டிமோலால் சொட்டு மருந்தை எழுதாமல் வேறொன்றை எழுதினார். கண்ணில் விடும் சொட்டும் ஒரு பீட்டா பிளாக்கராக இருக்கலாம் என்பதும், அது இரத்தத்தில் சேர்ந்து துடிப்பை மேலும் குறைக்கும் என்பதும் எனக்கு அதுவரை தெரியாது. வெராபமில், டில்டியாசெம் போன்ற மருந்துகளும் துடிப்பைக் குறைப்பவை. இதோடு சேர்க்கும்போது மருத்துவர் அறிந்தே சேர்க்க வேண்டும். என் அக்காவுக்கு ஆஸ்துமா உண்டு. அவளுக்குப் படபடப்பு வந்தபோது என் மாத்திரையில் ஒன்றைக் கேட்டாள். மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடிய மருந்து என்பதால் கொடுக்காமல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன், அது தைராய்டு கோளாறு என்று தெரிந்தது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இந்த மாத்திரை மறைத்துவிடும்; வியர்வை மட்டும் மறையாது. வெறும் வியர்வை கொட்டினாலே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

அண்மையில் எங்கள் பகுதியில் இன்னொரு பேச்சு பரவியது. மாரடைப்பு வந்தவர்களுக்குப் பீட்டா பிளாக்கர் தேவையில்லை என்று வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கைப்பேசியில் செய்தி வந்ததாகப் பலர் சொன்னார்கள். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. 2024-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு, மாரடைப்புக்குப் பிறகும் பம்பிங் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் ஏறத்தாழ 5,000 பேரைத் தொடர்ந்து பார்த்து, இந்த மாத்திரையால் இறப்போ மறு மாரடைப்போ குறையவில்லை என்று சொன்னது. 2025-இல் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் 40-க்கு மேல் பம்பிங் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவும் அதுவே; அதே ஆண்டு நார்வே, டென்மார்க் நாடுகளின் ஆய்வில் சிறிதளவு பயன் தெரிந்தது. பழைய ஆய்வுகள் நடந்த காலத்தில் ஸ்டென்ட் இல்லை, இன்றைய கொழுப்பு மருந்துகள் இல்லை; அடைப்பை உடனே திறந்து தசையைக் காப்பாற்றிவிட்ட இன்றைய நோயாளிக்குக் கணக்கு மாறுவது இயல்பே. ஆனால் இவை எவையும் 35 சதவீதத்தோடு வீட்டுக்கு வந்த என்னைப் போன்றவரைப் பற்றியவை அல்ல. நெஞ்சுவலிக்கோ, துடிப்புக் கோளாறுக்கோ இதைச் சாப்பிடுகிறவரைப் பற்றியவையும் அல்ல.

இப்போது 48 ஆகிவிட்டதே, நான் நிறுத்தலாமா என்று என் மருத்துவரிடம் கேட்டேன். மருந்தின் துணையில் தேறிய இதயத்தைத் தானே தேறிய இதயமாக எண்ணக்கூடாது என்றார். லண்டனில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், இதயத் தசை நோயிலிருந்து மீண்டு பம்பிங் சரியானவர்களுக்கு மருந்துகளைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தபோது, ஆறு மாதத்துக்குள் பத்துப் பேரில் நால்வருக்கு நோய் திரும்பியதைச் சொன்னார். அவர்களுடைய நோயும் என்னுடையதும் ஒன்றல்ல என்றாலும், எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான் தொடர்கிறேன்.

அட்டெனோலால் நீட்டிய அந்தப் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததால் அவருடைய பம்பிங் 60-இல் நிற்கிறது. இப்போது அவரும் மெட்டோபுரோலால் சக்சினேட் 50 சாப்பிடுகிறார். கைப்பேசிச் செய்தியைப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் நிறுத்தப்போவதாக என்னிடம் சொன்னார். என் ஐந்து நாள் கதையைச் சொல்லி, எக்கோ அறிக்கையோடு அவரை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். இரத்த அழுத்தம், துடிப்பு, நெஞ்சுவலி உண்டா என்பதையெல்லாம் பார்த்துவிட்டு, இவருக்கு நிறுத்திப் பார்க்கலாம் என்று மருத்துவரே முடிவு செய்தார். இரண்டு வாரம் 25, அடுத்த இரண்டு வாரம் அதில் பாதி, பிறகு நிறுத்தம். இடையில் நெஞ்சில் எந்த அழுத்தம் தோன்றினாலும் உடனே வரவேண்டும் என்பது ஏற்பாடு. இப்போது மூன்றாம் வாரம் நடக்கிறது. மாலையில் அவர் எங்கள் திண்ணைக்கு வந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருகிறார், நான் எண்ணி அவருடைய நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன். நேற்று 74.